குழந்தையின் வயிற்றுவலி: முதல் நாள் தெரியாதது மறுநாள் தெரிவது ஏன்?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவனுக்கு 7 வயது, சின்னவளுக்கு 8 மாதம். போன மாதம் ஒருநாள் சாயங்காலம் சின்னவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், வயிறும் கொஞ்சம் போயிற்று. திடீர் திடீரென்று வீறிட்டு அழுவாள், அப்புறம் துவண்டுபோய்த் தூங்கிவிடுவாள். உரம் விழுந்திருக்கும் என்று மாமியார் சொன்னதால் சேலையில் போட்டு உருட்டிப் பார்த்தோம். அன்று இரவே பக்கத்து டாக்டரிடமும் காட்டினோம். சாதாரண வயிற்றுப்போக்குதான் என்று சொட்டு மருந்தும் ஓஆர்எஸ்ஸும் கொடுத்தார். மறுநாள் மதியம் மலத்தில் சளியும் ரத்தமும் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேன் எடுத்து, குடலுக்குள் குடல் சொருகிக்கொண்டது என்றார்கள். ஆசனவாய் வழியாகத் தண்ணீர் ஏற்றிப் பார்த்தும் சரியாகவில்லை. ஆபரேஷன் செய்து கொஞ்சம் குடலை வெட்டி எடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் என் மனசு ஆறவில்லை. முதல் டாக்டர் ஏன் கண்டுபிடிக்கவில்லை? நாங்கள் தாமதித்துவிட்டோமா? ரோட்டா சொட்டு மருந்தால் வந்தது என்று ஒருவர் சொல்கிறார், உண்மையா? மூத்தவனுக்கு ஒரு வருடமாகவே அடிக்கடி தொப்புளைச் சுற்றி வலி. மூன்று ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒவ்வொன்றிலும் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்றே வருகிறது. அப்பெண்டிக்ஸை எடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர், சிடி ஸ்கேன் எடு என்கிறார் இன்னொருவர். இவனுக்கும் ஏதாவது அரிய வியாதி ஒளிந்திருக்குமோ என்று தூக்கம் வருவதில்லை. எந்த வலிக்கு ஓட வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம்? சின்னவளுக்கு மறுபடி வருமா?
- இரண்டு குழந்தைகளின் தாய், தருமபுரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களை அரித்துக்கொண்டிருக்கும் கேள்விக்கே முதலில் வருகிறேன். வாந்தி தொடங்கிய அன்று இரவே ஒரு மருத்துவரிடம் காட்டியிருக்கிறீர்கள். மறுநாள் ரத்தத்தைப் பார்த்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறீர்கள். இரண்டு நாள், மூன்று நாள் கழித்து, வயிறு உப்பி, கண் சொருகிய நிலையில் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்த நிலைக்குப் போகாமல் உங்கள் மகளைக் காப்பாற்றியது உங்கள் ஓட்டம்தான். வீட்டில் யார் மேல் தப்பு என்ற பேச்சை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அந்த 8 மாத வயிற்றில் நடந்தது இதுதான். சிறுகுடலின் கடைசிப் பகுதி, தான் போய்ச் சேரும் பெருங்குடலுக்குள்ளேயே நுழைந்துகொள்கிறது. முழுக்கைச் சட்டையைக் கழற்றும்போது கைப்பகுதி உள்பக்கமாக இழுபட்டுக்கொள்ளுமே, அந்த மாதிரி. குடலோடு சேர்ந்து அதன் ரத்தக் குழாய்களும் உள்ளே இழுபட்டு நெரிபடுகின்றன. ரத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் குடல் வீங்குகிறது. வீங்கிய குடலின் உள்தோல் கசிகிறது. நீங்கள் பார்த்த சளியும் ரத்தமும் அந்தக் கசிவுதான். 3 மாதம் முதல் 3 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் வரும், அதிலும் 5 முதல் 9 மாதம் வரை மிக அதிகம். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று ஏதாவது ஒரு வைரஸ் வந்துபோனதும் சிறுகுடலின் கடைசியில் இருக்கும் நெறித் திசுக்கள் தடிக்கின்றன. குடலின் இயல்பான அசைவு, தடித்த அந்தப் பகுதியைப் பிடித்து முன்னால் தள்ளிவிடுகிறது. நீங்கள் கொடுத்த உணவாலோ, குழந்தையைத் தூக்கிய விதத்தாலோ வருவதில்லை.

ரோட்டா சொட்டு மருந்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் 2016-இல் தொடங்கி அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் படிப்படியாகச் சேர்க்கப்பட்ட மருந்து அது. பிறந்து 6, 10, 14 வாரங்களில் கொடுக்கிறோம். அதனால் குடல் சொருகல் வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு, அப்படி வந்தாலும் சொட்டு கொடுத்த ஒரு வாரத்தை ஒட்டித்தான் வரும். மூன்றரை மாதத்தில் முடிந்த மருந்தை 8 மாதத்தில் வந்த நோய்க்குக் காரணம் காட்ட முடியாது. அந்த மருந்து தடுக்கும் வயிற்றுப்போக்கு எத்தனையோ குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. உங்கள் தெருவில் யாரும் இதைக் கேட்டுவிட்டுச் சொட்டு மருந்தைத் தவிர்த்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

சரி, முதல் டாக்டர் ஏன் கண்டுபிடிக்கவில்லை? விட்டுவிட்டு வரும் வலி, மலத்தில் ரத்தம், வயிற்றில் தட்டுப்படும் கட்டி: இந்த மூன்றும்தான் அடையாளம் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் மூன்றும் சேர்ந்து இருப்பது மூன்றில் ஒரு குழந்தைக்குக் கூட இல்லை. ரத்தம் வருவது தாமதமாக. முதல் சில மணி நேரத்தில், சொருகலுக்குக் கீழே இருக்கும் குடல் தன்னிடம் மிச்சமிருப்பதை வெளியே தள்ளும். பார்ப்பவர்களுக்கு அது வயிற்றுப்போக்கு. கூடவே இரண்டு வாந்தி. இதே இரண்டு தொந்தரவோடு ஒரு குழந்தை மருத்துவரிடம் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உண்மையிலேயே வயிற்றுப்போக்குதான். அந்த இரவு அந்த நேரத்தில் அவர் சொன்னது நியாயமான முடிவாகவே இருந்திருக்கலாம்.

ஆனால் உங்கள் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது. வீறிட்டு அழுதாள், அப்புறம் துவண்டு தூங்கினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். குடல் அலை வந்து முட்டும்போது குழந்தை காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் வெளிறிக் கத்தும். அலை அடங்கியதும் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும், அல்லது கூப்பிட்டாலும் சரியாகக் கண் திறக்காமல் கிடக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரும்பவும் அதே. சில குழந்தைகளுக்கு அழுகையே இருக்காது, அந்தத் துவட்சி மட்டுமே இருக்கும். மருத்துவர் பார்ப்பதோ பெரும்பாலும் இரண்டு அலைக்கு நடுவே. அதனால் இப்படி விட்டுவிட்டு அழும் குழந்தையைக் கூட்டிப் போகும் எல்லாப் பெற்றோருக்கும் ஒன்று சொல்வேன்: வீட்டில் அழும்போது செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். ‘ரொம்ப அழுகிறாள் டாக்டர்’ என்று சொல்வதை விட அந்த ஒரு நிமிடம் எங்களுக்கு எவ்வளவோ சொல்லும்.

அந்த வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும் ஒரு கலை, அவசரத்தில் வராது. கட்டிலில் படுக்கவைத்து அமுக்கினால் அழுகையில் வயிறு பலகையாகிவிடும், ஒன்றும் தெரியாது. தாயின் மடியிலேயே, பால் குடித்துக்கொண்டிருக்கும்போது, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வைக்க வேண்டும். கை சும்மா இருக்க வேண்டும். அழுகைக்கு நடுவே குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும் அந்தக் கணத்தில் வயிறு தளரும். அப்போது வலது விலாவுக்குக் கீழே விரல் நீளத்துக்குக் குறுக்கே ஓடும் ஒரு தடிப்பு தட்டுப்படும். அதே வயிற்றின் வலது அடிப்பக்கம் வெறுமையாக இருக்கும், அங்கே இருக்க வேண்டிய குடல் மேலே ஏறிப்போனதால். அழுது களைத்து குழந்தை தூங்கிவிட்டால் இன்னும் நல்லது, எழுப்பாமல் அப்போதே தொட்டுப் பார்த்துவிடுவேன்.

சந்தேகம் வந்துவிட்டால் வேலை சுலபம். கைதேர்ந்தவர் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் குடல் சொருகல் அநேகமாகத் தப்பவே தப்பாது. குறுக்கே பார்த்தால் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். அப்புறம் உங்கள் மகளுக்குச் செய்து பார்த்த அந்தத் தண்ணீர் சிகிச்சை. வெதுவெதுப்பான சலைனை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, ஆசனவாயில் வைத்த குழாய் வழியாக ஏற்றுவோம். ஸ்கேன் திரையில் அந்த வட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும், பெருங்குடலின் வாசலில் வந்து முரண்டு பிடித்து நிற்கும், திடீரென்று வழி திறந்து சிறுகுடலுக்குள் தண்ணீர் பாயும். அறையில் இருக்கிற எல்லோரும் அப்போதுதான் மூச்சு விடுவோம். காற்றைச் செலுத்தியும் இதைச் செய்யலாம். சீக்கிரம் வந்தால் பத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு இதிலேயே சரியாகிவிடும், கத்தி வைக்க வேண்டியதில்லை. நேரம் ஆக ஆக அந்த வாய்ப்பு குறையும். இது புதிய வைத்தியம் இல்லை. டென்மார்க்கின் ஹாரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1876-லேயே இந்த முறையில் குழந்தைகளைக் குணப்படுத்தியதைப் பதிவு செய்திருக்கிறார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1871-இல், லண்டனில் ஜொனாதன் ஹட்சின்சன் 2 வயதுக் குழந்தை ஒன்றின் வயிற்றைத் திறந்து சொருகலை விடுவித்துக் காப்பாற்றினார். உங்கள் மகளுக்குத் தண்ணீர் போதவில்லை, கத்தி தேவைப்பட்டது. இரண்டுமே சரியான வரிசையில்தான் நடந்திருக்கின்றன.

முதல் டாக்டர் விஷயத்தில் என்னுடைய கருத்து இது. அந்த இரவு நோயின் பெயரைச் சொல்லாமல் போனதை நான் பெரிய குறையாக எடுக்க மாட்டேன். ‘இதெல்லாம் நடந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், உடனே திரும்பி வாருங்கள்’ என்ற ஒரு வாக்கியம் உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். குழந்தைகள் அறுவை சிகிச்சையில் நோயைக் கண்டுபிடிப்பது ஒரே பார்வையில் முடிகிற வேலை இல்லை. சாயங்காலம் பஞ்சாக இருந்த வயிறு நள்ளிரவில் இறுகும். 8 மணிக்கு எடுத்த ஸ்கேன் அந்த 8 மணிக்கு என்ன இருந்தது என்றுதான் சொல்லும், 12 மணிக்கு அது பொறுப்பில்லை. அதே கை, அதே வயிற்றை, நாலைந்து மணி நேரம் கழித்து மறுபடி தொட்டுப் பார்ப்பதற்கு இணையான பரிசோதனை எங்களிடம் வேறு இல்லை. அதனால் எந்த மருத்துவரிடம் போனாலும் சீட்டை வாங்கிக்கொண்டு எழும்புமுன் கேளுங்கள்: ‘என்ன ஆனால் திரும்பக் கூட்டிவரணும் டாக்டர்? எத்தனை மணி நேரம் பார்க்கலாம்?’ இதைக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். முடிந்தால் உங்கள் பக்கத்து டாக்டரிடமே போய், நடந்ததைச் சொல்லி டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள். சண்டைக்காக இல்லை. இதே போல அழும் அடுத்த குழந்தை அவரிடம்தான் வரப்போகிறது.

உரம் எடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமியார் பேத்தி மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. ஆனால் வாந்தி எடுக்கும் குழந்தையைச் சேலையில் போட்டு உருட்டுவதும், தொக்கம் எடுப்பதும், வயிற்றில் எண்ணெய் போட்டு நீவுவதும் வேண்டவே வேண்டாம். வாந்தி மூச்சுக்குழாயில் ஏறிவிடும் அபாயம் ஒன்று. உள்ளே வீங்கியிருக்கும் குடலை அமுக்கும் ஆபத்து இன்னொன்று. எல்லாவற்றையும் விட, நேரம் போய்விடும்.

எந்த வாந்திக்கு ஓட வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே ஒரு நிறத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பச்சை. குழந்தை எடுக்கும் வாந்தி பாலாகவோ தயிராகவோ இருந்தால் யோசிக்க நேரம் இருக்கிறது. இலைப்பச்சையாக வந்தால், அதிலும் பிறந்து சில நாளோ சில வாரமோ ஆன குழந்தை என்றால், அது அறுவை சிகிச்சை அவசரம் என்றே எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பித்தநீர் முன்சிறுகுடலில் வந்து கலக்கிறது. அதற்குக் கீழே எங்கோ வழி அடைபட்டிருக்கிறது என்பதற்கு அந்தப் பச்சை சாட்சி. இதில் நாங்கள் மிகவும் பயப்படுவது குடல் முறுக்கம். கருவில் இருக்கும்போதே குடல் சுழன்று தன் இடத்தில் உட்கார்ந்து, அகலமான அடித்தளத்தோடு முதுகுப்பக்கம் ஒட்டிக்கொள்ள வேண்டும். சில குழந்தைகளுக்கு இது சரியாக நடப்பதில்லை. முழுச் சிறுகுடலும் ஒரு குறுகிய காம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தக் காம்பு முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் சிறுகுடல் முழுவதும் கருகிவிடலாம். இப்படிப்பட்டவர்களில் பாதிக்கு மேல் பிறந்த முதல் மாதத்திலேயே வெளிப்பட்டுவிடுவார்கள், ஆனால் பள்ளிக்குப் போகும் வயதிலும் வரலாம். கொடுமை என்னவென்றால் ஆரம்பத்தில் வயிறு உப்பவே உப்பாது, தொட்டால் மெத்தென்று இருக்கும், மலம் கூடப் போகும். பச்சை வாந்தி ஒன்றுதான் அடையாளம். பாஸ்டனில் வில்லியம் லாட் 1936-இல் விவரித்த ஆபரேஷனைத்தான் இன்றைக்கும் இதற்குச் செய்கிறோம், நேரத்தில் வந்த குழந்தை முழுதாகப் பிழைக்கும். பச்சை வாந்தியோடு வரும் பச்சிளம் குழந்தைகளில் பலருக்குக் கடைசியில் ஆபரேஷன் தேவைப்படுவதில்லை என்பதும் உண்மை. இருந்தாலும், இல்லை என்று நிரூபிக்கும்வரை இருக்கிறது என்றே நாங்கள் நடந்துகொள்வோம். பெரிய பிள்ளை பத்துத் தடவை வாந்தி எடுத்து, வெறும் வயிற்றில் கடைசியாக மஞ்சளாகக் கொஞ்சம் வருவது வேறு கதை, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இப்போது மூத்தவன். அவன் விஷயத்தில் நான் உங்களைச் சமாதானப்படுத்தவே எழுதுகிறேன், காரணத்தோடு. 1958-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜான் ஏப்ளி என்ற குழந்தை மருத்துவர் ஆயிரம் பள்ளிக் குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். பத்தில் ஒருவருக்கு இப்படி அடிக்கடி வயிற்றுவலி வந்துபோனது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உடலில் எந்தக் கோளாறும் கண்டுபிடிக்கப்படவில்லை. வலி தொப்புளை விட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு தூரம் உள்ளே கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம் என்று அவர் சொன்னதை இன்றும் நாங்கள் பின்பற்றுகிறோம். உங்கள் மகன் கையை வைப்பது தொப்புளில். அவனுடைய வலி பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை, அவனுக்கு உண்மையிலேயே வலிக்கிறது. குடல் நரம்புகள் சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உணரும். தயவுசெய்து ‘ஸ்கூலுக்குப் போகாமல் இருக்க நடிக்கிறான்’ என்று யாரும் அவன் காதுபடச் சொல்லிவிடாதீர்கள்.

ஸ்கேனில் வரும் ‘நெறி’யைப் பற்றி. ரிப்போர்ட்டில் மெசன்டெரிக் லிம்ப் நோட்ஸ் என்று போட்டிருப்பார்கள். வயிற்றில் நிணநீர் முடிச்சு எல்லோருக்கும் உண்டு. இந்த வயதில், அடிக்கடி சளி காய்ச்சல் வரும் பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். எந்த வலியும் இல்லாத குழந்தையைப் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தாலும் இதே வரி வரும். சிறிய முடிச்சுகள் மட்டும் இருந்து, பையன் ஓடி விளையாடி, எடை ஏறிக்கொண்டிருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடலாம். எடை குறைகிறது, சாயங்காலம் சாயங்காலம் காய்ச்சல் வருகிறது, வீட்டில் யாருக்காவது டிபி இருந்தது என்றால் மட்டும் அதே நெறி வேறு அர்த்தம் பெறும், அப்போது விட்டுவிடக் கூடாது. அப்பெண்டிக்ஸை ‘எதற்கும் எடுத்துவைப்போம்’ என்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு வருடமாக வந்துவந்து போகும் தொப்புள் வலிக்குக் குடல்வாலை எடுத்தால் பெரும்பாலும் வலி அப்படியேதான் இருக்கும், தழும்பு மட்டும் கூடுதல். சிடி ஸ்கேனும் இப்போது வேண்டாம். கதிர்வீச்சைத் தேவையில்லாமல் 7 வயது உடம்பில் செலுத்தக் கூடாது.

அவனை அழைத்துவந்தால் நான் முதலில் கேட்பது கக்கூஸ் விவரத்தைத்தான். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் ஏராளம். தினமும் போகிறான் என்று அம்மா நினைத்துக்கொண்டிருப்பார், வயிற்றைத் தொட்டால் இடது பக்கம் கெட்டியாக மலம் தேங்கிக் கிடக்கும். ஒரு மாதம் மலம் இளக மருந்து கொடுத்து, காலையில் சாப்பிட்டவுடன் பத்து நிமிடம் அவசரப்படுத்தாமல் உட்காரவைத்தால் பாதிப் பேருக்கு வேறு வைத்தியமே தேவைப்படாது. அப்புறம் எடையும் உயரமும், ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, பூச்சி மருந்து கொடுத்தீர்களா என்ற கேள்வி. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தொப்புளை விட்டு ஒரே இடத்தில் நிற்கும் வலி, மலத்தில் ரத்தம், மஞ்சள் காமாலை, எடை இறங்குவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் தேடலை அங்கிருந்து தொடங்குவேன். இல்லையென்றால் நாலாவது ஸ்கேன் எழுத மாட்டேன்.

அப்படியானால் இவனுக்கு அப்பெண்டிசைட்டிஸ் வரவே வராதா என்றால், மற்றப் பிள்ளைகளுக்கு எவ்வளவு வாய்ப்போ அவ்வளவு இவனுக்கும் உண்டு. அது வந்தால் வழக்கமான வலியிலிருந்து வேறாகத் தெரியும். வரிசையைக் கவனியுங்கள். முதலில் வலி, தொப்புளில் தொடங்கும். அப்புறம் வாந்தி. அப்புறம்தான் லேசான காய்ச்சல். பல மணி நேரத்தில் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே நிற்கும், விட்டுவிட்டு வராது. வயிற்றுப்போக்கு நோயில் பெரும்பாலும் வாந்தி முந்திக்கொள்ளும். பிடித்த பலகாரத்தை நீட்டினாலும் வேண்டாம் என்பான். கூனிக்கொண்டு நடப்பான். ஒரு குதி குதி என்றால் குதிக்க மாட்டான், குதித்தால் முகம் சுளிக்கும். வந்த வழியில் ஸ்பீட் பிரேக்கரில் வண்டி ஏறி இறங்கியபோது வலித்ததா என்று நான் எப்போதும் கேட்பேன். 5 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இந்த வரிசை எதுவும் ஒழுங்காக இருக்காது, சொல்லவும் தெரியாது. அதனால் அந்த வயதில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கண்டுபிடிக்கும்போதே குடல்வால் வெடித்திருக்கும். நாலு வயதுக் குழந்தைக்கு ‘வயிற்றுப்போக்கு’ மூன்று நாளாகியும் அடங்காமல், வயிறு உப்பிக் காய்ச்சலும் ஏறினால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் வழியில் எடைக்குத் தகுந்த பாரசிட்டமால் கொடுக்கலாம், அதனால் நோய் மறைந்துபோகாது. வலி கொஞ்சம் தணிந்த பிள்ளையின் வயிற்றைப் பரிசோதிப்பது எங்களுக்கும் எளிது.

வயிறு வலிக்கிறது என்றால் வயிற்றில்தான் கோளாறு என்று நினைக்கக் கூடாது. நுரையீரலின் அடிப்பக்கம் நிமோனியா வந்தாலும் பிள்ளை வயிற்றைத்தான் காட்டும். நம் ஊரில் மழைக்காலத்தில் காய்ச்சல் விடும் நேரத்தில் கடுமையான வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால் அது டெங்குவின் அபாய அறிகுறி. தாகமும் அதிகச் சிறுநீரும் வேகமான மூச்சும் கூட இருந்தால் சர்க்கரை அளவு பார்க்க வேண்டும். பையன்கள் விஷயத்தில் இன்னொன்று: அடிவயிறு வலிக்கிறது என்று சொல்லும் எந்தப் பையனுக்கும் டவுசரை இறக்கி விதைப்பையைப் பார்த்தே ஆக வேண்டும். விதை முறுக்கிக்கொண்டால் 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கும். வளர்ந்த பையன்கள் வெட்கத்தில் ‘வயிற்றுவலி’ என்று மட்டுமே சொல்லுவார்கள். அப்பாவை விட்டு இப்போதே அவனிடம் சொல்லிவைக்கச் சொல்லுங்கள், அங்கே வலித்தால் உடனே சொல்ல வேண்டும், அதில் வெட்கம் எதுவும் இல்லை என்று.

அரிய நோய்களை இணையத்தில் தேடுவதை விட்டுவிடுங்கள். அம்மாவின் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன், உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் உறவில் யாருக்காவது உதவும். பிறந்து 14 நாள் தாண்டியும் கண்ணில் மஞ்சள் இருந்து, மலம் வெளிறிச் சுண்ணாம்பு நிறத்துக்குப் போனால் வெயிலில் காட்டிக்கொண்டு இருக்கக் கூடாது, பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். ஜப்பானின் மோரியோ கசாய் கண்டுபிடித்த ஆபரேஷனை 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும். தைவானில் 2004 முதல் நாடு முழுவதும் தாய்மார்களிடம் மலத்தின் நிற அட்டை ஒன்றைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள், அதனால் அங்கே இந்த நோய் முன்னதாகவே பிடிபடுகிறது. நம் ஊரிலும் அப்படி ஒரு அட்டை ஒவ்வொரு பிரசவ வார்டிலும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. குளிப்பாட்டும்போது வயிற்றின் ஒரு பக்கம் வலியில்லாத கட்டி தட்டுப்பட்டால் அதைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்க்காமல் அன்றே காட்டுங்கள், சிறுநீரகக் கட்டியை அம்மாதான் பெரும்பாலும் முதலில் கண்டுபிடிக்கிறார். தொப்புள் புடைப்பு பெரும்பாலும் 4, 5 வயதுக்குள் தானாக உள்வாங்கிவிடும், காசு வைத்துக் கட்ட வேண்டாம், தோல் புண்ணாவதுதான் மிச்சம். தொடை இடுக்கில் வரும் குடலிறக்கம் தானாக மூடாது, ஆபரேஷன் வேண்டும். அழும்போது வெளியே வந்த புடைப்பு உள்ளே போகாமல் கெட்டியானால் அது அன்றைய அவசரம்.

கடைசியாகச் சின்னவள். தண்ணீரோ காற்றோ ஏற்றிச் சரியான குழந்தைகளில் பத்தில் ஒருவருக்குச் சொருகல் திரும்ப வரலாம். குடலை வெட்டி இணைத்த உங்கள் மகளுக்கு அந்த வாய்ப்பு மிகவும் குறைவு. வெட்டி எடுத்த பகுதியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள், அந்த பயாப்ஸி ரிப்போர்ட்டை மறக்காமல் வாங்குங்கள். இந்த வயதில் அநேகமாகத் தனிக் காரணம் எதுவும் இருக்காது, இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதியை எவ்வளவு நீளம் எடுத்தார்கள் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். சில வாரம் மலம் தளர்வாகப் போகலாம், பயப்பட வேண்டாம். நீளம் அதிகமாக இருந்தால் மட்டும் பின்னாளில் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், உங்கள் அறுவை சிகிச்சை மருத்துவர் சொல்வார். வழக்கமான சாப்பாடு, மிச்சமிருக்கும் தடுப்பூசிகள் எல்லாம் அட்டவணைப்படி நடக்கட்டும்.

ஒன்றை மட்டும் அவள் வளர்ந்த பிறகும் நினைவில் வையுங்கள். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்த யாருக்கும் உள்ளே குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பல வருடம் கழித்துக் கூட வழி அடைபடலாம். எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் வயிறு உப்பி, மலமும் காற்றும் நின்று, பச்சையாக வாந்தி எடுத்தால் வீட்டில் கஷாயம் வைத்துப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிட்டுக் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். போனதும் முதல் வார்த்தையாக ‘இவளுக்கு 8 மாதத்தில் குடல் ஆபரேஷன் ஆகியிருக்கிறது’ என்று சொல்லுங்கள். சம்மரியின் எல்லாப் பக்கத்தையும் இன்றே போட்டோ எடுத்து உங்கள் போனிலும் உங்கள் கணவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.